குழந்தைக்கு 'டேலன்ட்' ஜீன் டெஸ்ட் கிட், வாங்கலாமா?

அக்கா பையனுக்காக ஆன்லைன்ல ஒரு டிஎன்ஏ கிட் வாங்கினோம், கம்பெனி பேரு வேணாம். எச்சில் எடுக்குறது ஈஸி, ரிப்போர்ட்டும் சொன்ன நேரத்துக்கு வந்துச்சு. ஆனா உள்ள "கணக்கு வரும், பேச்சு வராது, ஸ்பிரின்ட் ஓட வைங்க"ன்னு தலையெழுத்து மாதிரி அடிச்சு வச்சிருக்காங்க, அங்கதான் எனக்குக் கோவம்.

ஸ்பிரின்டுக்கு அவங்க காட்டுறது ஏசிடிஎன்3ங்கற ஒரே ஜீன். வேகமா சுருங்குற தசை இழைகள்ல இருக்கற ஒரு புரதத்துக்கான ஜீன்தான், ஆனா அந்த 'நல்ல' வகை கோடிக்கணக்கான பேருக்கு இருக்கே, எல்லாருமா ஓட்டக்காரங்க? படிப்பு, குணமெல்லாம் ஆயிரக்கணக்கான ஜீன் துளித்துளியா சேர்ந்து பண்றது, கூடவே வீடு, ஸ்கூல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் இருக்கு. 50 வருஷத்து இரட்டையர் ஆய்வுகள 2015ல மொத்தமா சேர்த்துப் பாத்தப்ப ஜீனோட பங்கு சராசரியா 49 சதவீதம்னு வந்துச்சு, அதுவும் ஒரு கூட்டத்துல ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசத்தோட கணக்கு, தனி ஒரு குழந்தையோட எதிர்காலத்த சொல்ற கணக்கு இல்ல.

பரம்பரை நோய்க்கான டெஸ்டும் வேஸ்ட்னு சொல்லல. பீனைல்கீட்டோனூரியான்னு ஒரு பரம்பரை நோய், கவனிக்காம விட்டா மூளை வளர்ச்சியே பாதிக்கும், ஆனா பொறந்த சில நாள்லயே ரத்தத்துல கண்டுபிடிச்சு, பீனைல்அலனின்ங்கற புரதக் கூறு கம்மியான சாப்பாடு கொடுத்தா குழந்தை நல்லா வளருது. ஜீன் அதேதான், சாப்பாடுதான் மாறுச்சு! டாக்டர் சொல்ற அந்த மாதிரி டெஸ்டுக்கு தாராளமா செலவு பண்ணுங்க.

இந்த கிட்டுக்கு 5க்கு 1 ஸ்டார். ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா ரிப்போர்ட்ட குழந்தைகிட்ட மட்டும் படிச்சுக் காட்டாதீங்க.