ஒரே சிற்பம், மூன்று முறைகள்: ஓவிய வகுப்பில் மாணவர்களைப் பேச வைப்பது

படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் ஒருவர் பதில் சொல்வார், வகுப்பு அத்தோடு அடங்கிவிடும். இதைத் தாண்ட ஓவிய ஆசிரியர்கள் கையில் எடுக்கும் முறைகளில் மூன்று முக்கியமானவை: வி.டி.எஸ். (Visual Thinking Strategies, பார்த்துச் சிந்திக்கும் உத்திகள்), ஃபெல்ட்மனின் நான்கு படிகள், ‘பார்–நினை–கேள்’. ஒரே படத்தில் வைத்துப் பார்த்தால்தான் இவற்றின் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

மாமல்லபுரத்தின் பெரிய புடைப்புச் சிற்பத்தையே எடுத்துக்கொள்வோம். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை, ஏறக்குறைய 30 மீட்டர் நீளம். அருச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் இரண்டு பெயர்கள் அதற்கு உண்டு. இரண்டுக்கும் கல்லிலேயே ஆதாரம் இருப்பதால் விவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது கடினம். இங்கே நாம் கணக்கில் கொள்வது 40 மாணவர்கள், 45 நிமிடப் பாடவேளை. ஏ3 தாளில் ஒரு பிரதியைக் கரும்பலகையில் ஒட்டினால் கடைசி வரிசைக்கு யானை மட்டும்தான் தெரியும். புரொஜெக்டர் இல்லையென்றால் ஐந்து பேருக்கு ஒன்றாக எட்டு ஏ4 பிரதிகள் வேண்டும். சிற்பம் முழுவதும் ஒரு பக்கம், பாறையின் நடுவே உள்ள பிளவை ஒட்டிய பகுதி பெரிதாக மறுபக்கம்.

வி.டி.எஸ்.

உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய ஃபிலிப் யெனாவைனும் சேர்ந்து உருவாக்கியது இது. ஒரு நிமிடம் யாரும் பேசாமல் படத்தைப் பார்க்க வேண்டும். பிறகு மூன்றே கேள்விகள்: "இந்தப் படத்துல என்ன நடக்குது?", "எதைப் பார்த்து அப்படிச் சொல்றே?", "இன்னும் என்ன தெரியுது?" ஒரு படத்துக்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும். ஆசிரியர் தகவல் எதுவும் தரமாட்டார். மாணவர் சொல்லும் இடத்தை விரலால் சுட்டிக்காட்டி, சொன்னதை வேறு சொற்களில் திரும்பச் சொல்லி, முன்னால் பேசியவரின் கருத்தோடு இணைப்பார்.

கேட்க எளிதாக இருந்தாலும், இதில் சறுக்கும் இடங்கள் பல. முதலாவது பாராட்டு. ஒரு பதிலுக்கு "ரொம்ப சரி" என்று சொன்ன உடனேயே மற்றவர்கள் படத்தை விட்டுவிட்டு ஆசிரியரின் முகத்தைப் படிக்கத் தொடங்குகிறார்கள். இரண்டாவது அவசரம். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளைக் கவனித்துக் காட்டினார். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, பேசாதவர்களும் பேசுகிறார்கள். மனத்துக்குள் எண்ணிக்கொண்டு காத்திருப்பது பழகும்வரை சங்கடமாகத்தான் இருக்கும்.

இந்தச் சிற்பத்தைக் காட்டினால் யாராவது ஒரு மாணவி "இது அருச்சுனன் தபசு, மகாபலிபுரத்துல பார்த்திருக்கேன்" என்பாள். அங்கேதான் இரண்டாவது கேள்வியின் பலம் தெரியும். "எதைப் பார்த்து அருச்சுனன்னு சொல்றே?" என்று கேட்டால், எலும்பு தெரிய ஒற்றைக்காலில் நிற்கும் தவசியையும், அவர் அருகில் நான்கு கைகளோடு நிற்கும் சிவனையும் அவள் காட்டியாக வேண்டும். உடனே இன்னொருவர் நடுவில் உள்ள பிளவைக் காட்டி, "அப்போ பாம்பு உடம்போட இவங்க ஏன் மேல ஏறுறாங்க?" என்பார். பெயரைச் சொன்னதோடு முடிந்திருக்க வேண்டிய பேச்சு அங்கிருந்து தொடங்குகிறது.

இந்த முறையின் குறை, தகவலை முற்றிலும் விலக்குவது. பிளவின் உச்சியில் நீர் தேக்க ஏற்பாடு இருந்ததாகவும், அங்கிருந்து நீர் வழிந்திருக்கும் என்றும் ஆய்வாளர்கள் சொல்வதைப் படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் மாணவர் கண்டுபிடிக்க முடியாது. அதைச் சொல்லாமல் வகுப்பை முடிப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஃபெல்ட்மன் முறை

அமெரிக்கக் கலைக்கல்வியாளர் எட்மண்ட் பர்க் ஃபெல்ட்மன் வகுத்த வரிசை: விவரித்தல், பகுத்தாய்தல், பொருள் காணுதல், மதிப்பிடுதல். கோடு, வடிவம், அளவு, இடைவெளி ஆகியவற்றைப் பற்றிப் பேச வைப்பதில் மற்ற இரண்டும் இதன் அருகில் வரமுடியாது. தேவர், முனிவர், விலங்கு என்று பெருங்கூட்டம் இரு புறமிருந்தும் பிளவை நோக்கித் திரும்பியிருப்பதும், தவசியைவிடச் சிவன் பெரிதாகச் செதுக்கப்பட்டிருப்பதும் இரண்டாம் படியில்தான் பேச்சுக்கு வரும்.

ஆனால் முதல் படியே பாதி வகுப்பை விழுங்கிவிடுகிறது. விவரித்தலுக்கு எட்டு நிமிடம் என்று கடிகாரம் வைக்காவிட்டால் மதிப்பிடும் படிக்கு மணி அடித்துவிடும். மாணவர்கள் படிகளைத் தாண்டுவதும் இயல்பு. "சாமி கோபமா இருக்கார்" என்று முதல் படியிலேயே ஒருவர் சொன்னால், "அது மூணாவது படி, அப்புறம் சொல்லு" என்று தடுக்காதீர்கள். கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்து, உரிய படியில் எடுங்கள். நான்காம் படியில் "நல்லா இருக்கு" என்று முடியாமலிருக்க அளவுகோலை முன்பே சொல்ல வேண்டும்: இயற்கையான பிளவைச் சிற்பி பயன்படுத்திய விதத்தை மதிப்பிடுகிறோமா, கதை சொன்ன விதத்தையா? 6ஆம் வகுப்புக்கு இந்த முறை கனம். 9, 10ஆம் வகுப்புக்குச் சரியாகப் பொருந்தும்.

பார்–நினை–கேள்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1967இல் தொடங்கிய புராஜெக்ட் ஜீரோ என்ற கல்வி ஆய்வுக் குழுவின் பயிற்சி. தாளில் பார்த்தது, நினைத்தது, கேட்க விரும்புவது என்று மூன்று பத்தி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம். எல்லோரும் எழுதுவதால் கூச்சப்படும் மாணவருக்கு இதுவே சிறந்தது, திருத்திப் பார்க்கவும் தாள் மிஞ்சும். வழக்கமான தவறு முதல் பத்தியில் நடக்கும். யானைகளின் காலடிப் பக்கம் ஒரு பூனை நிற்கிறது. "பூனை தவம் செய்கிறது" என்று எழுதினால் அது நினைத்தது. "பூனை பின்காலில் நிற்கிறது, முன்கால்கள் தலைக்கு மேல், அருகில் எலிகள்" என்பதுதான் பார்த்தது. தொடங்குமுன் இந்த ஒரு உதாரணத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் பாதிப் பிழை குறையும். மூன்றாம் பத்திக் கேள்விகளை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால், அடுத்த முறை யாரும் அக்கறையோடு எழுதமாட்டார்கள்.

எதை எடுப்பது?

40 பேர் வகுப்புக்கு எங்கள் தேர்வு வி.டி.எஸ்.தான், இரண்டு மாற்றங்களோடு. தொடக்கத்தில் பார்–நினை–கேள் தாள் 6 நிமிடம், அடுத்த 20 நிமிடம் வி.டி.எஸ். உரையாடல். அதன் பிறகு ஆசிரியர் 5 நிமிடத்தில் தகவல் தருவார்: சிவனிடம் பாசுபதம் என்ற ஆயுதத்தை வேண்டித் தவம் செய்த அருச்சுனன், கங்கையைத் தரைக்குக் கொண்டுவரத் தவம் செய்த பகீரதன், நீர் வழிந்த பிளவு. எஞ்சிய நேரத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு பெயரைத் தேர்ந்து, கல்லிலிருந்து இரண்டு ஆதாரம் காட்ட வேண்டும். தகவலை முதலிலேயே கொட்டினால் அந்த 20 நிமிடமும் ஒப்பித்தலாகிவிடும். எந்த முறையை எடுத்தாலும் "எதைப் பார்த்து அப்படிச் சொல்றே?" என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாத உரையாடலில் சத்தமாகப் பேசுபவர் சொன்னதே முடிவாகிவிடும்.

மாணவர்கள் வரைந்த படங்களை அலசும்போதும் இதே வரிசை பொருந்தும். வரைந்தவர் மட்டும் முதல் பத்து நிமிடம் வாய் திறக்கக் கூடாது. தான் நினைத்தது படத்தில் வந்திருக்கிறதா என்பது மற்றவர்கள் பேசும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு அவர் விளக்கட்டும், எதை மாற்றப் போகிறார் என்றும் சொல்லட்டும்.