சில்லு ஸ்டட்டை வெல்டிங் வைத்து ஒட்டித் தந்தார்கள், கவனம்

திருகோணமலையில் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள்.

போன மாதம் நகரத்தில் ஒரு கராஜில் டயர் மாற்றினேன். நட்டைக் கையால் இரண்டு சுற்று ஏற்றாமல் எயார் கன்னால் நேராக அடித்ததில் வலது முன் சில்லின் ஸ்டட் (நட் ஏறும் புரிக் கம்பி) ஒன்று முறிந்துபோனது. என்னுடையது கொரோலா 121, ஒரு சில்லுக்கு நாலே நாலு ஸ்டட்தான். "அண்ணை, ஒரிஜினல் போட்டிருக்கு, பயமில்லாமல் ஓடுங்கோ" என்று சொல்லி 3,500 ரூபாவும் வாங்கினார்கள்.

பிள்ளைகளோடு கந்தளாய்க்குப் போகும்போது தம்பலகாமம் பக்கத்தில் டக் டக் என்று சத்தம். இறங்கி இறுக்கிப் பார்த்தால் அந்த நட் சுற்றிக்கொண்டே இருந்தது. மற்ற மூன்றும் இறுக்கமாக இருந்ததால் மெதுவாக உப்புவெளிக்குத் திரும்பினோம். வீட்டில் ஸ்டாண்ட் வைத்து, மற்ற மூன்று நட்டையும் கழற்றிவிட்டு, மச்சான் அலவாங்கால் சில்லை வெளியே நெம்பிப் பிடிக்க, அந்த நட்டையும் ஒருவாறு கழற்றினேன். பிரேக் டிஸ்கை எடுத்துவிட்டுப் பின்பக்கம் டோர்ச் அடித்தால், ஸ்டட் தலையைச் சுற்றி வெடித்துப்போன வெல்டிங்! ஒரு தட்டிலேயே கீழே விழுந்தது.

ஸ்டட்டின் கழுத்தில் உள்ள பல் வரிதான் ஹப்பின் (சில்லு பூட்டப்படும் சுழல் பகுதியின்) துளையை இறுகப் பிடிக்கிறது. முறிந்த பழைய ஸ்டட்டின் பல் பகுதி 14.3 மில்லிமீற்றர். இவர்கள் போட்டது 12.3! புரி மட்டும் ஒன்றாக இருந்ததால் நட் ஏறிவிட்டது. துளையில் நிற்காததை வெல்டிங்கால் நிற்க வைத்திருக்கிறார்கள். அந்தச் சூடு ஸ்டட்டின் உறுதியைக் கெடுக்கும், பக்கத்திலேயே இருக்கும் சில்லு பெயரிங்கையும் பாதிக்கலாம். என் பெயரிங் இன்னும் சத்தம் போடவில்லை, ஆனாலும் மனம் ஆறவில்லை.

மிச்ச வேலையை நானே செய்தேன். முறிந்த அந்தப் பழைய ஸ்டட்டைக் கையோடு கொண்டுபோய், 12 மில்லிமீற்றர் தடிப்பு, 1.5 மில்லிமீற்றர் புரி இடைவெளி, பல் அளவு எல்லாம் ஒப்பிட்டுப் புதியது வாங்கினேன். நிசான், சுசுக்கி கார்களில் பெரும்பாலும் 1.25 புரி, அதை இதற்கு மாற்றிப் போடவே கூடாது. வெல்டிங் மிச்சத்தை அரத்தால் ராவி, ஸ்டட்டைப் பின்பக்கத்திலிருந்து செருகி, முன்னால் நாலு வாஷர் அடுக்கி, பழைய நட்டின் தட்டையான பக்கம் வாஷரில் படும்படி வைத்து, கைச் சாவியால் மெதுவாக இழுத்தேன். தலை ஹப்பில் முழுதாகப் படியும்வரை விடவில்லை. அப்புறம் சில்லைப் போட்டு, நட்டுகளை எதிரெதிராக 103 நியூற்றன் மீற்றருக்கு இறுக்கி, 80 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடியும் பார்த்தேன்.

கராஜுக்குப் போய்க் கேட்டதற்கு, "ஆர் உங்களைக் கழட்டச் சொன்னது?" என்றார் முதலாளி. காசு திரும்பவில்லை. அண்மையில் எங்கேயாவது ஸ்டட் மாற்றியிருந்தால், இன்றைக்கே சில்லைக் கழற்றி ஹப்பின் பின்பக்கம் டோர்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங் தெரிந்தால் அந்தக் காரைத் தெருவில் இறக்காதீர்கள்.