கீழே உருட்டுவதா, பக்கம் புரட்டுவதா? முதல் வெப்காமிக் தொடங்கும் முன் ஓர் அலசல்

முதல் வெப்காமிக், அதாவது இணையத்தில் வெளியாகிற சித்திரக்கதை, வரைய ஆசைப்படுகிற பலர் எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று தேடுவதிலேயே ஆர்வத்தில் பாதியைச் செலவழித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியாக முடிவு செய்ய வேண்டிய விஷயம். கதை எவ்வளவு நீளம், வாசகர் அதை எந்த வடிவத்தில் படிக்கப் போகிறார், முழுசாக எழுதிவிட்டு வரைவதா, எங்கே வெளியிடுவது, இவைதான் முன்னால் வர வேண்டும். இதிலும் வடிவத்தைப் பாதியில் மாற்றினால் வரைந்ததைத் திரும்ப வரைய வேண்டியிருக்கும், அதனால் அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன்.

முதலில் நீளம். மனசில் இருப்பது பெரும்பாலும் ஒரு மகா கதையாகத்தான் இருக்கும், அதில் தப்பே இல்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு பக்கம் என்று போனால் வருஷத்துக்கு 52 பக்கம், 300 பக்கக் கதை முடிய கிட்டத்தட்ட 6 வருஷம். அதற்குள் உங்கள் கோடு முன்னேறிவிடும், முதல் அத்தியாயம் வேறு யாரோ வரைந்தது போலத் தெரியும், உடனே அதை மறுபடி வரையத் தோன்றும், கதை அங்கேயே நின்றுவிடும். எதிர்ப்பக்கம் 8 முதல் 20 பக்கத்துக்குள் முடிகிற குறுங்கதை. இதில் ஸ்கிரிப்ட், சிறு வரைவு, பென்சில், மை, வண்ணம், எழுத்து, வெளியிடுவதற்கான படக்கோப்பாக மாற்றுவது என எல்லாப் படிகளையும் ஒரு முறை கடந்துவிடலாம், எந்தப் படி உங்களை இழுத்தடிக்கிறது என்பதும் தெரிந்துவிடும். மூன்றாவதாக, நான்கு கட்டத்தில் முடிகிற நகைச்சுவைத் துணுக்கு இருக்கிறது. புது வாசகர் எந்த இடத்திலும் உள்ளே வரலாம் என்பது அதன் பெரிய பலம், ஆனால் ஒவ்வொரு முறையும் புது யோசனை வேண்டும், கதையாகவே யோசிக்கிற ஆளுக்கு அது சீக்கிரம் அலுத்துவிடும். என் தேர்வு குறுங்கதை. அந்த மகா கதையின் உலகத்தையே எடுங்கள், அதில் ஒரு துணைப் பாத்திரத்தின் ஒரு நாளை 12 பக்கத்தில் சொல்லுங்கள். அப்போது இந்த உழைப்பு பெரிய கதைக்கும் சேர்ந்தே பயன்படும்.

அடுத்தது வடிவம். கீழே உருட்டிப் படிக்கிற வெப்டூன் பாணி தென்கொரியாவில் 2000-களின் தொடக்கத்தில் வளர்ந்தது, அங்குள்ள இணைய நிறுவனமான நேவர் தன் வெப்டூன் பகுதியை 2004-இல் தொடங்கியது, ஆங்கிலத் தளம் 2014-இல் வந்தது. இன்று போனில் படிக்கிறவர்களுக்கு இதுதான் பழகிய வடிவம். பக்க வடிவமோ அச்சுக் காமிக்ஸிலிருந்து வந்தது: ஒரே பார்வையில் ஐந்தாறு கட்டங்கள் தெரியும், எது பெரிது எது சிறிது என்பதை வைத்தே கதையின் அழுத்தத்தைச் சொல்லலாம்.

வேறுபாடு அளவில் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம், கதை சொல்லும் முறையே மாறுகிறது. உருட்டும் வடிவத்தில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடுகிற வெற்றிடம்தான் நேரம். பேசிக்கொண்டிருக்கும்போது இடைவெளி குறைவு, காட்சி மாறும்போது ஒரு முழுத்திரை அளவுக்குக் கூட வெறுமையாக விடலாம், மேலிருந்து விழுகிற பாத்திரத்தை நீளமாக விழவிடலாம். பக்க வடிவத்தில் இந்த வேலையைச் செய்வது பக்கத் திருப்பம்: அதிர்ச்சி அடுத்த பக்கத்தின் முதல் கட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசகரின் கண் அதை ஓரத்திலேயே பார்த்துவிடும். உருட்டும் வடிவத்தில் அந்தக் கவலை இல்லை, அடுத்த கட்டத்தைத் திரைக்குக் கீழே ஒளித்து வைத்தால் போதும். ஆனால் அகலமான நிலக்காட்சியும், இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிற சண்டையும் குறுகிய திரையில் நசுங்கிப்போகும். அவற்றைக் கதையே கேட்கிறது என்றால் பக்க வடிவம்தான் சரி.

உழைப்புக் கணக்கும் வேறு. வாராவாரம் வருகிற தொழில்முறை வெப்டூன் ஓர் அத்தியாயத்துக்கு ஐம்பது கட்டத்தைத் தாண்டுவது சாதாரணம், அதன் பின்னால் பெரும்பாலும் உதவியாளர்கள் இருப்பார்கள். தனி ஆள் அந்த அளவைப் பார்த்து மலைக்கக் கூடாது, இருபது கட்டத்தில் நன்றாக முடிகிற அத்தியாயத்தையும் வாசகர் ஏற்றுக்கொள்வார்.

அப்புறம் அச்சு. யாரும் தங்கள் காமிக்கை ஏற்றக்கூடிய வெப்டூன் கேன்வாஸ் தளத்தில் படத்தின் அகலம் 800 பிக்சல். அந்த அளவிலேயே வரைந்துவிட்டு, பிறகு 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்கப் போனால் அகலம் 7 சென்டிமீட்டர் கூட வராது. ஏ4 பக்கத்துக்கே 300 டிபிஐ-யில் 2480க்கு 3508 பிக்சல் தேவை. ஆகவே எந்த வடிவமானாலும் பெரிதாக வரைந்து, கடைசியில் சுருக்குங்கள். சுருக்குவது எளிது, பெரிதாக்கினால் கோடு மங்கும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, முதல் முயற்சிக்கு நான் பரிந்துரைப்பதும் அதையே. பக்கமாகத் திட்டமிடுங்கள், ஆனால் கட்டங்களை முழு அகலம், அரை அகலம் என்று இரண்டே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையாமல், வசனம் எழுதுகிற பலூன்கள் கட்டத்துக்கு வெளியே நீளாமல் இருந்தால், பிறகு அவற்றைக் கழற்றி ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிவிடலாம். உருட்டும் வடிவத்தில் வரைந்ததைப் பக்கமாக மாற்றுவது இதைவிடப் பல மடங்கு கஷ்டம், நீளமான கட்டங்களும் வெற்றிடங்களும் பக்கத்துக்குள் அடங்காது. எந்த வழியில் போனாலும் முதல் பக்கத்தைப் போனில் திறந்து, பெரிதாக்காமல் வசனத்தைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஒல்லியான பலூனுக்குள் ஒரு வார்த்தை மூன்றாக உடையும், ஆகவே பலூனை அகலமாகத் திட்டமிட்டு, வசனத்தைப் படம் வரையும் முன்பே அந்த இடத்தில் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

முழு ஸ்கிரிப்டா, நேரே சிறு வரைவா என்ற கேள்விக்கு ஆளைப் பொறுத்துப் பதில் மாறும். எழுத்தில் எழுதினால் திருத்துவது எளிது, கதையின் ஓட்டை முதலிலேயே தெரியும், வேறொருவர் வரையப் போகிறார் என்றால் ஸ்கிரிப்ட் கட்டாயம். ஆனால் காகிதத்தில் நன்றாக இருக்கிற வசனம் கட்டத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். தபால்தலை அளவில் கிறுக்குகிற சிறு வரைவில் அது உடனே தெரிந்துவிடும், எல்லாக் கட்டத்திலும் ஒரே கோணத்தில் முகங்கள் இருப்பதும் தெரியும். எழுதி வரைகிற இரண்டு வேலையும் நீங்களே செய்வதானால், ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கம், அங்கிருந்து நேராகச் சிறு வரைவு, வசனம் அதிலேயே. கதை முழுவதற்கும் இது முடியும்வரை ஒரு பக்கத்தைக்கூட மெருகேற்ற வேண்டாம் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். முதல் பக்கத்தை மெருகேற்றிவிட்டால், கதைக்குத் தேவையில்லை என்று தெரிந்தாலும் அதை வெட்ட மனசு வராது.

வெளியிடும் இடத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. வெப்டூன் கேன்வாஸ், டாபாஸ் போன்ற தளங்களில் வாசகர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், ஏற்றுவது இலவசம், ஆனால் உங்கள் காமிக் எப்படித் தெரிய வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள். சொந்தத் தளத்தில் எல்லாம் உங்கள் கையில், ஆட்களை வரவழைப்பதும் உங்கள் தலையில். இடையில் காமிக்ஃப்யூரி போல, இலவசமாக இடம் கொடுத்து வடிவமைப்பையும் ஓரளவு நம்மிடமே விடுகிற தளமும் உண்டு. முதல் கதையை இலவசத் தளம் ஒன்றில் போடுங்கள், லேயர்களை (ஒன்றன் மேல் ஒன்றாக வரைகிற அடுக்குகளை) ஒன்றாக இணைத்துவிடாத மூலக் கோப்புகளை இரண்டு இடத்தில் பத்திரமாக வையுங்கள். தளத்தின் விதிமுறையில் பதிப்புரிமைப் பகுதியை மட்டுமாவது முழுசாகப் படியுங்கள், போட்டிகளில் சேருவதாக இருந்தால் அதன் விதிகளைத் தனியாகப் பாருங்கள்.

சரி, சாஃப்ட்வேர். கிரிட்டா இலவசம், திறந்த மூலம், முதல் காமிக்குக்குத் தாராளமாகப் போதும். கிளிப் ஸ்டூடியோ பெயின்ட் காசு கொடுத்து வாங்குவது, காமிக்ஸுக்கென்றே கட்டச் சட்டம், பலூன், ஸ்க்ரீன்டோன் (நிழலுக்கான புள்ளி வடிவங்கள்) எல்லாம் உள்ளே வைத்திருக்கிறது, பல பக்கங்களை ஒரே கோப்பாகக் கையாள அதன் இஎக்ஸ் பதிப்பு வேண்டும். புரோகிரியேட் ஐபேடில் மட்டும் ஓடும், வரைய சுகமானது, கேன்வாஸ் பெரிதாகப் பெரிதாக லேயர் எண்ணிக்கை குறையும். ஏற்கெனவே கை பழகியது எதுவோ அதை எடுங்கள்.

கடைசியாக வேகம். வரைய வரைய வெளியிடுவதில் வாசகரின் பின்னூட்டம் உடனே கிடைக்கும், ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் தொடர் அறுந்துபோகும். முழுசாக முடித்துவிட்டு வெளியிட்டால் அந்தப் பயம் இல்லை, ஆனால் மாதக்கணக்கில் யாரும் பார்க்காமல் உழைக்க வேண்டும். 12 பக்கக் கதையில் முதல் ஆறு பக்கங்கள் தயாரானதும் வாரம் ஒன்றாக வெளியிடத் தொடங்கலாம், மீதி ஆறை வரைய ஆறு வாரம் கையில் இருக்கும். அந்தக் கையிருப்பு இரண்டு பக்கத்துக்குக் கீழே இறங்கினால், ஒரு வாரம் இடைவெளி என்று வாசகர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.