விற்றவர் காணாமல் போனார், தளம் நிற்கிறது: டர்பனிலிருந்து 13 வருட அனுபவம்

2019 செப்டம்பர். புரட்டாசி பிறக்க இரண்டு நாள் இருந்தபோது எங்கள் கோயில் இணையதளத்தின் நிர்வாகப் பக்கம் பூட்டிக்கொண்டது. 'உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை' என்று ஒரே ஒரு வரி. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தளம் வழக்கம்போல்தான் தெரிந்தது. எங்களால்தான் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியவில்லை. டர்பனுக்குப் பக்கத்து ஊரான வெருலத்திலிருந்து ஒரு ஆயா போன் செய்தார்: "பாப்பா, சனிக்கிழமை தேதியெல்லாம் போன வருசத்துதே நிக்குது. எதைப் பாத்து நான் விரதம் இருக்கறது?"

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு அவருடைய கவலை புரியும். இங்கே புரட்டாசி முழுக்க மரக்கறி மட்டும் சாப்பிடும் வீடுகள் ஏராளம். சென்னையில் அச்சான காலண்டரை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. மூன்றரை மணி நேர வித்தியாசத்தில் திதி முடியும் நேரம் மாறும், சில மாதம் அமாவாசையே ஒரு நாள் மாறிவிடும். டர்பன் நேரத்துக்குக் கணித்த தேதிகளை நாங்கள் போடுவோம் என்று நம்பித்தான் மக்கள் வருகிறார்கள்.

தளத்தில் பதிவுகளை ஏற்றவும் மாற்றவும் உதவும் மென்பொருளை 2012-இல் ஒரு நிறுவனத்திடம் வாங்கினோம். ஒருமுறை பணம், வாழ்நாள் உரிமம் என்றார்கள். நாங்களே வாடகைக்கு எடுத்த சர்வரில் நிறுவினோம், அதனால் எல்லாம் நம் கையில் என்று நினைத்தோம். கோயில் அறிவிப்புகளைவிட முக்கியமான ஒன்றும் அதில் இருந்தது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் இந்தக் கரையில் இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஒரு எண், அதற்குக் காலனி எண் என்று பெயர். எங்கள் வட்டாரக் குடும்பங்கள் தங்கள் தாத்தா, பாட்டன் இன்ன கப்பல், இன்ன எண், இன்ன ஊர் என்று தேடிக் கொடுத்ததையெல்லாம் அந்தத் தளத்தில்தான் ஏற்றி வைத்திருந்தோம். கொடுத்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை.

விற்ற நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சல் திரும்பி வந்தது. அவர்களுடைய தளமே திறக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த மென்பொருள் மாதம் ஒருமுறை அவர்களுடைய சர்வரைக் கூப்பிட்டு 'இவர்கள் பணம் கட்டியவர்கள்தானா' என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பதில் சொல்ல ஆள் இல்லாததும் கதவைச் சாத்திவிட்டது. முக்கியமான கோப்புகள் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டிருந்ததால் உள்ளே நுழைந்து பார்க்கவும் வழியில்லை.

காப்பாற்றியது டேட்டாபேஸ். சர்வரும் அதன் கடவுச்சொல்லும் எங்களிடம் இருந்தன. அன்று இரவே, டேட்டாபேஸைத் திறந்து பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மின் வழியாக நேராக அட்டவணைக்குள் போய், தேதி இருந்த வரிகளைக் கையால் மாற்றினேன். விடிவதற்குள் புரட்டாசித் தேதிகள் சரியாகிவிட்டன. இதே மென்பொருளை அவர்களுடைய சர்வரிலேயே மாத வாடகைக்கு எடுத்திருந்தால் அந்தக் கப்பல் விவரங்கள் அன்றோடு போயிருக்கும்.

அடுத்து ஒரு வேலையைத் தள்ளிப்போடாமல் செய்தேன். மறைந்துபோன நிறுவனத்தின் டொமைன் பெயர், அதாவது இணைய முகவரி, காலாவதியானால் யார் வேண்டுமானாலும் அதை வாங்கலாம். எங்கள் மென்பொருளோ அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டு 'புதுப்பிப்பு இருக்கிறதா' என்று கேட்கிறது. புதிதாக வாங்கியவர் எதை அனுப்பினாலும் அது எங்கள் சர்வரில் ஏறிவிடும். அதனால் அந்த முகவரிக்கு வெளியே போகும் தொடர்பை முழுவதுமாகத் தடுத்துவிட்டேன். கைவிடப்பட்ட மென்பொருளை இன்னும் ஓட்டுபவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். பலரும் யோசிக்காமல் விடுவதும் இதைத்தான்.

இருந்தாலும் அது நீண்ட நாள் ஓடாது. குறியாக்கம் செய்த கோப்புகள், அவை எழுதப்பட்ட பிஎச்பி என்ற நிரல்மொழியின் 5.6 பதிப்பில் மட்டுமே இயங்கும். 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பர் 31-உடன் நின்றுவிட்டன. சர்வரை மேம்படுத்தினால் தளம் விழும், மேம்படுத்தாவிட்டால் ஓட்டை திறந்தே இருக்கும். யோசிக்க அவகாசம் வேண்டும் என்று தளங்களை நகலெடுக்கும் டபிள்யூகெட் என்ற கருவி கொண்டு தளம் முழுவதையும், பின்னால் மென்பொருள் இல்லாமலே திறக்கும் வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக எடுத்தேன். அந்த நகலை மக்களுக்குக் காட்டிவிட்டு, உண்மையான மென்பொருளை இணையத்திலிருந்து கழற்றித் தனியே வைத்தோம். ஐந்து மாதம் அப்படியே ஓடியது. பார்த்தவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

எழுத்துச் சிக்கலை விரிவாகவே சொல்கிறேன், தமிழில் பழைய தளம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இது வரக்கூடும். டேட்டாபேஸை ஏற்றுமதி செய்து திறந்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். நெஞ்சு அடைத்துவிட்டது. எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல்லில் 8.0 பதிப்பு வரும்வரை, வேறு சொல்லாவிட்டால் தானாக எடுத்துக்கொள்ளும் எழுத்துமுறை லத்தீன்-1, அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது. எல்லா மொழிகளுக்குமான யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் (எழுத்தோ, அதோடு சேரும் கொம்போ புள்ளியோ) மூன்று பைட். அந்த மூன்றையும் மூன்று தனித்தனி லத்தீன் எழுத்து என்று நினைத்து அது சேமித்து வைத்திருந்தது. போட்டதும் தப்பு, எடுத்ததும் அதே தப்பு என்பதால் ஏழு வருடம் திரையில் சரியாகவே தெரிந்தது. தீர்வு என்னவென்றால், ஏற்றுமதி செய்யும்போதும் லத்தீன்-1 என்றே சொல்லி எடுக்க வேண்டும். பிறகு அந்தக் கோப்பின் உள்ளே இருக்கும் எழுத்துமுறைப் பெயரை மட்டும் யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் முழு யூடிஎஃப்-8-க்கான பெயர்) என்று மாற்றி உள்ளே ஏற்ற வேண்டும். அப்படிச் செய்ததும் தமிழ் மொத்தமும் உயிரோடு வந்தது.

ஆனால் தலைப்புக்கு 255 இடம் என்று வைத்திருந்ததில் தமிழுக்குக் கிடைத்தது 85 குறியீடுதான். அதற்கு மேல் நீண்ட பெயர்கள் நடுவிலேயே வெட்டுப்பட்டிருந்தன. தகப்பன் பெயர், கிராமம், தாலுக்கா எல்லாம் தலைப்பிலேயே எழுதியிருந்த பதிவுகள் அவை. என் அப்பா கையால் எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகங்களைப் பார்த்து ஒவ்வொன்றாக நிரப்பினோம். நோட்டு இல்லாமல் போயிருந்தால் அந்தக் கிராமங்களின் பெயர் திரும்பியிருக்காது.

டொமைன் பெயர் வேறு வகைத் தொல்லை. அது கோயிலின் பெயரில் இல்லை, 2012-இல் தளம் அமைத்துக் கொடுத்த பையனின் பெயரில் பதிவாகியிருந்தது. அவர் ஆஸ்திரேலியா போய் வருடங்கள் ஆகியிருந்தன. புதுப்பிப்பு அறிவிப்பு போகும் மின்னஞ்சலும் செத்துப்போன ஒன்று. யாரோ ஒருவர் வருடா வருடம் பணம் கட்டிக்கொண்டிருந்ததால் மட்டுமே தளம் நின்றது. கடைசியில் அந்தப் பையனுடைய அம்மாவை டோங்காட்டில் ஒரு கோவிந்தா பூஜையில் பிடித்தோம். அம்மா அங்கேயே மகனைக் கூப்பிட்டு, "தம்பி, கோயில் பேரைக் கோயிலுக்கே எழுதிக் கொடுத்துடுப்பா" என்றார். ஒரு வாரத்தில் மாறியது. மென்பொருள் போனால் இன்னொன்று எடுக்கலாம். டொமைன் பெயர் போனால் மக்களுக்குத் தெரிந்த முகவரியே போய்விடும். உங்கள் தளம் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

சரி, அடுத்து எதற்கு மாறுவது? தளம் நடத்தும் இலவச மென்பொருளான வேர்ட்பிரஸை இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்தேன். அதன் பிறப்பே இந்த விஷயத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. பி2 என்ற மென்பொருளை எழுதியவர் அதைக் கவனிக்காமல் விட்டபோது, யாரும் நிரலை எடுத்து மாற்றிப் பகிர அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமம் இருந்ததால் அதைப் பயன்படுத்திய இருவர் மூல நிரலை எடுத்துத் தொடர்ந்தார்கள். 2003-இல் அது வேர்ட்பிரஸ் ஆனது. எங்கள் மென்பொருளுக்கு அப்படி ஒரு உரிமம் இருந்திருந்தால் நாங்களும் யாராவது ஒரு நிரலாளரைப் பிடித்து ஓட்டியிருப்போம். வேர்ட்பிரஸ் பலருக்குப் பொருந்தும், தயக்கமில்லாமல் சொல்வேன். எங்களுக்குக் குறையாகப் பட்டது, கப்பல் விவரங்களை வைக்க ஒரு பிளகினை, அதாவது வேறொருவர் எழுதிய கூடுதல் நிரலை, நம்ப வேண்டியிருந்தது. பிளகின் எழுதியவர் நாளை நிறுத்திவிட்டால் மறுபடி அதே கதை. இன்னொன்று, முகவரியில் தமிழ் வைத்தால் ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தாக விரிகிறது. 200 எழுத்து எல்லைக்குள் 22 குறியீடுதான் அடங்கும், மீதி வெட்டுப்படும்.

2020-இல், எழுத்துக் கோப்புகளிலிருந்து எச்டிஎம்எல் பக்கங்களை உருவாக்கித் தரும் ஹியூகோ என்ற மென்பொருளுக்கு மாறினோம். பதிவுகள் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள், கப்பல் விவரங்கள் ஒரே சிஎஸ்வி அட்டவணை (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு). நோட்பேடில் திறந்தாலும் தமிழ் தெரியும். ஹியூகோ என்பது ஒரே ஒரு கோப்பு. அதைத் தளத்தின் கோப்புறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். புதுப் பதிப்புகளில் பக்க வடிவமைப்பு வார்ப்புருக்கள் சில தடவை உடைந்தன, அதனால் அவசரப்பட்டு மாற்றுவதில்லை. அதை எழுதியவர்கள் நாளைக்கே நிறுத்தினாலும் என்னிடம் இருக்கும் கோப்பு வேலை செய்யும். சர்வருக்குப் போவது வெறும் எச்டிஎம்எல் என்பதால் பிஎச்பியும் வேண்டாம், டேட்டாபேஸும் வேண்டாம். 2022, 2023-இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, இந்தத் தளத்தை வீட்டில் ஒரு சிறிய கணினியிலும் இன்வெர்ட்டரிலும் ஓட்டிப் பார்த்தேன். அவ்வளவு இலகுவானது.

குறையும் உண்டு. கோயில் கமிட்டி அக்காக்களால் தாங்களே பதிவு போட முடியவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், நான் ஏற்றுகிறேன். முன்பு ஒரு நிறுவனத்தை நம்பியிருந்தோம், இப்போது என் ஒருத்தியை நம்பியிருக்கிறோம். இந்த ஐந்து வருடத்தில் என்னை உறுத்துவது இதுதான்.

அதற்காகப் போன வருடத்திலிருந்து ஒன்று செய்கிறோம். பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் தமிழ் வகுப்புக்கு வரும் இரண்டு பிள்ளைகளிடம் ஒரு வெற்றுக் கணினியும், நகல் இருக்கும் யுஎஸ்பியும், நான் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பும் கொடுத்துவிட்டு நான் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். முதல் வருடம் தளத்தை எழுப்ப மூன்று மணி நேரம் ஆனது, தமிழ் எழுத்துரு நகலில் இல்லாதது அன்றுதான் தெரிந்தது. இந்த வருடம் 50 நிமிடம். குறிப்பில் ஒரு கட்டளை பழசாகிவிட்டிருந்தது, அதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துத் திருத்தி எழுதினார்கள். புதிய தாளும் கடவுச்சொற்களும் உறையில் போட்டு ஒட்டப்பட்டு, கோயில் அலமாரியில் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன.