பொருளாதாரமா, சமூகவியலா, சமூகப்பணியா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று அக்கா மகள் கேட்டாள்: "சித்தி, பி.ஏ. எகனாமிக்ஸா, சோஷியாலஜியா, சமூகப்பணிக்கான பி.எஸ்.டபிள்யூ.வா?" கல்லூரியை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஒரு தாளை எடு என்றேன். எந்தப் பாடத்திலிருந்து எதற்குத் தாவலாம் என்று அம்புக்குறி போட்டோம்.

பொருளாதாரத்திலிருந்து நிறைய அம்புகள் கிளம்பின. அதில் பி.ஏ. முடித்தவர் எம்.ஏ. சமூகவியலுக்கும் போகலாம், சமூகப்பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ.வுக்கும் போகலாம், பின்னதற்குப் பெரும்பாலான இடங்களில் ஏதாவது ஒரு டிகிரி இருந்தால் சரி. திரும்பி வருவதுதான் கஷ்டம். கோட்டூர்புரத்தில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் மாதிரி இடங்களில் கணக்கும் புள்ளியியலும் இல்லாமல் வண்டி ஓடாது. இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதவும் பொருளாதாரம் சார்ந்த முதுகலை வேண்டும்.

அதற்காகக் கணக்கு என்றாலே வயிறு கலங்கும் பிள்ளையை இதில் தள்ளிவிடாதீர்கள். நாலு பேரிடம் பேச்சுக் கொடுத்து விஷயம் வாங்கத் தெரிந்தவர்களுக்குச் சமூகவியல்தான் தோது. பி.எச்டி., கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வு வரை போகும் பொறுமையும் வேண்டும். சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டுமா? சமூகப்பணி. எழும்பூரில் 1952 முதல் இயங்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இதற்கென்றே இருப்பது. படிக்கும்போதே மருத்துவமனை, குழந்தைகள் இல்லம் என்று களப்பணிக்கு அனுப்புவார்கள். போய் வந்து அறிக்கை எழுதியே கை வலிக்கும். என்னைக் கேட்டால், இளங்கலையிலேயே இதில் இறங்க அவசரமில்லை. முதுகலையில் எடுத்தால் போதும்.

கல்லூரி என்று வந்தபோது டெல்லிப் பல்கலைக்கழகக் கனவு ஐந்தே நிமிடத்தில் கலைந்தது. 2022 முதல் அங்கே சேர்க்கை சியூஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாகத்தான். பொருளாதார ஆனர்ஸுக்கு அதில் கணக்கும் எழுத வேண்டும். இவள் படித்தது காமர்ஸும் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸும். பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே அந்தக் கதவைச் சாத்திவிட்டோம், யாருக்கும் உறைக்கவில்லை. சமூகவியலுக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆனால் அக்காவுக்கு டெல்லி ஹாஸ்டல் செலவை நினைத்தாலே தலை சுற்றியது.

சென்னையில் லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி என்று விசாரித்தால், அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்பதை முதலில் கேளுங்கள். ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே இரண்டு விதக் கட்டணம் இருக்கும். 1840-இல் தொடங்கிய மாநிலக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் ப்ளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் சேர்க்கை, கட்டணமும் சொற்பம். பல அரசுக் கல்லூரிகளில் தமிழ்வழியிலும் பொருளாதாரம் படிக்கலாம்.

கடைசியில் வீட்டுக்குப் பக்கத்து அரசுக் கல்லூரியில் பொருளாதாரம் சேர்ந்தாள். ப்ளஸ் டூவில் கணக்கு எடுக்காதவர்களையும் அங்கே சேர்த்துக்கொண்டார்கள். கணக்கு அவளை விடவில்லை. போன வாரம் புள்ளியியலில் வரும் திட்ட விலக்கம் (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) புரியவில்லை என்று நோட்டோடு வந்து நின்றாள். அதை எனக்கே யூடியூபைப் பார்த்துத்தான் சொல்லிக்கொடுக்க முடிந்தது.