பட்டுச் சாயத்துக்குச் சரி, பருத்திக்கு யோசிங்க

காவேரிப்பட்டணம் பக்கத்தில் பட்டுநூல் சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். சாயக் கழிவுத் தண்ணீரின் நிறத்தைப் போக்க ஓசூரில் ஒருவர் விற்கும் தொட்டியைப் பற்றிப் பலர் கேட்பதால் எழுதுகிறேன். 500 லிட்டர் தொட்டி, கலக்கும் மோட்டார், கூடவே ஒரு மூட்டை கருப்புச் செதில். விலை ஒரு பழைய மொபெட் வாங்கும் அளவு.

அந்தச் செதில்தான் விஷயமே. உருக்காலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை உருட்டும்போது மேல்தோலாக உதிரும் கழிவு அது. காந்தத்தைக் காட்டினால் ஓடி வந்து முள்ளுமுள்ளாக ஒட்டிக்கொள்கிறது. சாயத்தண்ணீரில் இதைப் போட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். செதிலில் உள்ள இரும்பு அந்தப் பெராக்சைடை உடைக்கும். அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் என்ற வீரியமான துணுக்கு சாயத்தைத் துண்டுதுண்டாக்கும். புதுக் கண்டுபிடிப்பு என்றார் விற்றவர். ஃபென்டன் என்ற வேதியியலாளர் 1894-லேயே எழுதிவைத்த வினை ஐயா இது! ஆனால் காசு கொடுத்து இரும்பு உப்பு வாங்காமல் கழிவை வைத்தே செய்வது கெட்டிக்காரத்தனம்தான். அடியில் தங்கும் செதிலை அலசி மறுபடி போடலாம்.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. வாடாமல்லித் தண்ணீர் முதலில் ரோஸ் ஆகி, அப்புறம் லேசான மஞ்சளில் வந்து நிற்கும். அந்த மஞ்சள் இரும்பு. சுண்ணாம்பு போட்டால் அது துருவாகத் திரண்டு அடியில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரை உடனே அடுத்த சாயத்துக்கு எடுக்காதீர்கள்; மிச்ச பெராக்சைடு நிறத்தைத் தின்றுவிடும்.

தண்ணீரின் புளிப்பைச் சொல்லும் பிஎச் அளவு (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3-க்குப் பக்கத்தில் இருந்தால்தான் இந்த வினை நன்றாக ஓடும். பட்டுக்கு நாங்கள் அசெட்டிக் ஆசிட் விட்டே சாயம் ஏற்றுவதால் தண்ணீர் ஏற்கெனவே புளிப்பு. இன்னும் கொஞ்சம் ஆசிட் விட்டால் போதும். என் மச்சான் பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போடுகிறவர். சோடாவும் உப்புமாகக் கொட்டிய அந்தத் தண்ணீரின் பிஎச் 11 காட்டும். அதை 3-க்கு இறக்க ஆகும் ஆசிட் செலவைப் பார்த்து மனுஷன் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

இன்னொன்று. நிறம் போனாலும் உப்பு போகாது. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பாருங்கள், எண் இறங்கவே இறங்காது. நாம் விட்ட ஆசிட், சுண்ணாம்பால் ஏறத்தான் செய்யும். 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கும். அங்கேயும் பெரிய தலைவலி உப்புதான். தெளிந்துவிட்டதே என்று தென்பெண்ணை ஆற்றில் விடுகிற எண்ணம் வேண்டாம். விற்கிறவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை, அதற்கே ஒரு ஸ்டாரைக் குறைக்கிறேன்.

அடியில் தங்கும் செம்மண் நிறச் சகதி அபாயக் கழிவுக் கணக்கில் வரும், கண்ட இடத்தில் கொட்ட முடியாது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லி விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை. சகதி மூட்டைகள் பட்டறை ஓரத்தில் அடுக்கிக் கிடக்கின்றன. வாங்குகிறவர்கள் அந்தப் பேச்சை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.