ஃப்ரீபிஎஸ்டி 14: ராத்திரி வேலை பார்க்கும் டீமன்

எட்டு வருடப் பழைய லேப்டாப்பில் ஃப்ரீபிஎஸ்டி 14 என்ற இயங்குதளத்தைப் போட்டு ஐந்து மாதம் ஆகிறது. 4 ஜிபி ராம்தான். குடும்பப் போட்டோக்களைச் சேர்த்து வைக்கும் சர்வராக ஓடுகிறது, ஒருமுறைகூட மக்கர் பண்ணவில்லை. நிறுவி முடித்ததும் வருவது வெறும் கறுப்புத் திரை; ஐகானைத் தட்டிப் பழகியவர்களுக்குச் சிரமம். ஆனால் இதன் கையேடு அருமை, பொறுமையாகப் படித்தால் போதும்.

இதன் சின்னமாக இருந்த சிவப்புக் குட்டி டீமன் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கொம்பு, வால், காலில் ஷூ, கையில் கவைக்கோல். இதன் மூதாதையான யுனிக்ஸில், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் (ப்ராசஸ்) இரண்டாகக் கவைவிடுவதற்கும் ஃபோர்க் என்றுதான் பெயர். ஒரு வரி மாற்றினால் பூட் ஆகும்போது திரையில் வந்து நிற்கும். அம்மா பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள எதுக்குடா பேய்ப் படம்?" என்றார்.

பேய் இல்லை. டீமன் என்ற சொல் கிரேக்கர்களின் 'தைமோன்' என்பதிலிருந்து வந்தது; அது, தெய்வத்துக்கும் மனிதனுக்கும் நடுவில் நிற்கும் சக்தி. சாக்ரடீஸுக்குள் கேட்ட குரல் அந்த வகைதான்: தப்பான காரியத்தில் இறங்கும்போது தடுக்குமே தவிர, இதைச் செய் என்று ஒருநாளும் ஏவாது. கிறிஸ்தவம் பரவிய பிறகுதான் அந்தச் சொல் பேயாகிப்போனது. ஊர் எல்லையில் கண் மூடாமல் நிற்கும் நம் காவல் தெய்வம் என்று அம்மாவிடம் சொன்னேன், சமாதானமானார்.

கணினிக்கு அந்தச் சொல் வந்த வழி இயற்பியல். வாயு நிரம்பிய இரண்டு அறைகளுக்கு நடுவே சின்னக் கதவைத் திறந்து மூடி, வேகமான மூலக்கூறுகளையும் மெதுவானவற்றையும் ஓயாமல் பிரிக்கும் ஒருவனை 1867-இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கற்பனை செய்தார். டீமன் என்று பெயர் வைத்தவர் வில்லியம் தாம்சன். 1963-இல் எம்ஐடியில் கணினி விஞ்ஞானி கோர்பட்டோவின் குழு, ஐபிஎம் 7094 கணினியில் பின்னணியில் ஓடும் நிரல்களுக்கு அதையே எடுத்துக்கொண்டது. எஸ்எஸ்எச்டி, சிஸ்லாக்டி என்று நிரல்களின் பெயரில் வால்போல ஒட்டியிருக்கும் 'டி' இந்த டீமன்தான்.

பழைய அலுவலகத்தில் எல்லோரும் 'டேமன்' என்போம். அப்படிச் சொல்பவர்கள் இன்றும் நிறையப் பேர். ஆனால் டீமன்தான் சரி என்பேன். daemon-இல் வரும் 'ae', சீசரில் (Caesar) வரும் அதே எழுத்துச் சேர்க்கை. சேசர் என்றா சொல்கிறோம்?

கோர்பட்டோ குழுவின் முதல் டீமனுக்கு என்ன வேலை தெரியுமா? கோப்புகளைத் தானாக டேப்பில் பேக்கப் எடுப்பது. என் லேப்டாப்பில் ராத்திரி 2 மணிக்கு, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் என்ற டீமன் எழுந்து, அன்று சேர்ந்த போட்டோக்களை வெளி டிஸ்க்கில் எடுத்து வைக்கிறது. அப்போது வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்போம்.